412 வால்வுகளும் ஒரு கட்டமும்

மார்ச் 11, புதன்கிழமை, காலை 11.20. இருக்கவேண்டிய வால்வுகள் 412. இருக்கும் இடம் தெரிந்தவை 0.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கை மகன் எழுதுவது. இங்கே தண்ணீரைத் தவிர எல்லாரும் சௌக்கியம். உங்கள் வீட்டிலும் நேற்றுக் காலையிலிருந்து குழாய் காற்றுத்தான் விடுகிறது என்று அத்தை மூன்று முறை ஃபோன் செய்து சொன்னார்கள். நகராட்சியின் கம்ப்யூட்டர் வேலைக்கு என் பெயரை எழுதிக் கொடுத்தவர் நீங்கள். பழைய சாஃப்ட்வேரை நாளையோடு நிறுத்துவதா என்று மன்றக் கூட்டத்தில் கை தூக்கப் போகிறவரும் நீங்கள். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேராம், உங்கள் கைதான் மிச்சமாம். நிறுத்தினால் என் ஆறு மாத ஒப்பந்தம் நிரந்தர வேலை ஆகும். அதனால் ஊர்வாய் வழியாக உங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பழைய சாஃப்ட்வேருக்கு ஆபீசில் "பச்சை" என்று பெயர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, வயது இருபத்தேழு. எழுதிக் கொடுத்த கம்பெனி மூடியாயிற்று, உதிரி பாகம் கிடைக்காது, மவுஸ் என்று ஒன்று உண்டென்பதே அதற்குத் தெரியாது. அதை ஓட்டத் தெரிந்தவர் குடிநீர்ப் பிரிவு கிளார்க் ஒருவர்தான். எதைக் கேட்டாலும் "எஃப் செவன் அழுத்து" என்பதால் அவர் பெயர் எஃப் செவன் அக்கா. திங்கட்கிழமை சாயங்காலம், மன்ற முடிவுக்கு முன் ஒத்திகையாக இருக்கட்டும் என்று நான் பச்சையின் பிளக்கைப் பிடுங்கப் போனபோது, "ஓடுதுல்ல தம்பி, அப்புறம் எதுக்கு?" என்றார். "ஓடுதுங்கறது ஒரு காரணமாக்கா? என் மாமாவோட ஸ்கூட்டர்கூடத்தான் ஓடுது" என்றேன். மன்னிக்கவும், வாயில் வந்தது. "அதுல அவர் ஆபீஸ் வந்து சேர்றாருல்ல?" என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, ரெண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் நான் செய்தது ஒரே ஒரு காரியம். பச்சையில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு பக்கம் உண்டு: தெரு, குழாய் அளவு, பொருத்திய வருஷம். அதிலே "ஃபேக்ஸ் எண்" என்று ஒரு கட்டம். வால்வுக்கு எதுக்கு மாமா ஃபேக்ஸ்? கம்பெனிக்காரன் வேறெங்கோ விற்ற படிவத்தை அப்படியே இங்கே தள்ளிவிட்டிருக்கிறான். சரி, காலியாக இருக்கும் என்று பார்த்தால் 412 பக்கத்திலும் ஏதோ எழுதியிருக்கிறது: 11 4 1, 9 6 2, 23 2 1. உலகத்தில் எந்த ஃபேக்ஸும் மூணு நாலு இலக்கத்தில் மணி அடிக்காது. குப்பையைப் புது வீட்டுக்குத் தூக்கிப் போகக்கூடாது, மூலத்திலேயே சுத்தம் செய் என்பது எங்கள் துறையில் பால பாடம். பச்சையிலேயே அந்தக் கட்டத்தை முழுசாகத் துடைத்துவிட்டுத்தான் மற்றதைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றினேன். "412 பிழைகள் களையப்பட்டன" என்று கமிஷனருக்கு அறிக்கையும் கொடுத்தேன். நன்று என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

மறுநாள், அதாவது நேற்று, காலை ஆறே காலுக்குச் சந்தைத் தெருவில் குழாய் வெடித்தது. ஆறரைக்குக் குடிநீர்ப் பிரிவின் நெட்டை ஃபிட்டர் ஃபோனில் வந்தார். "தம்பி, சந்தைத் தெரு ஃபேக்ஸ் நம்பர் சொல்லுங்க, சீக்கிரம்." நான் தூக்கக் கலக்கத்தில், "யாருக்குண்ணே ஃபேக்ஸ் அனுப்பப் போறீங்க?" என்றேன். "தண்ணி முட்டிக்கால் வரைக்கும் ஓடுது. நான் ஏன் தம்பி ஃபேக்ஸ் அனுப்பப் போறேன்? வால்வு எங்கன்னு கேக்குறேன்." அப்போதுதான் தெரிந்தது. ரோடு போடும்போதெல்லாம் வால்வு மூடிமேல் தாரை ஊற்றி மெழுகிவிடுகிறார்களாம். இடத்தைக் குறித்துவைக்கப் பச்சையில் கட்டம் கிடையாது. சும்மா கிடந்தது ஃபேக்ஸ் கட்டம்தான். முதல் எண், தெருமுனை விளக்குக் கம்பத்திலிருந்து எத்தனை காலடி. ரெண்டாவது, அங்கிருந்து ரோட்டுக்குள் எத்தனை காலடி. மூணாவது, நடந்தது யார்: 1 என்றால் நெட்டை ஃபிட்டர், 2 என்றால் ரிட்டயர் ஆகிவிட்ட குட்டை ஃபிட்டர். "அவர் காலடியை இப்ப யாருண்ணே வைக்கிறது?" என்றேன். "அவர் மூணு வெச்சா நான் ரெண்டு" என்றார். இதைக் கணக்கு என்று சொல்ல என்னால் முடியாது மாமா, நான் படித்தவன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை அதற்கப்புறம். ஞாபகத்தை வைத்துப் பதினொண்ணாம் காலடியில் ஒரு குழி, பதினேழில் ஒரு குழி. இரண்டிலும் வால்வு இல்லை. எங்கள் புதுசில் அழகான வரைபடம் இருக்கிறது, திறந்து பார்த்தேன். இடம் எழுதாத வால்வை எல்லாம் அது ஆபீஸ் வாசலில் இருப்பதாக எடுத்துக்கொள்ளுமாம். 412 வால்வும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன, ஆறு தசம இடம் வரை துல்லியமாக. பிறகு நானே குழாய் அளவை வைத்து ஒரு மதிப்பீடு செய்து மூன்றாவது குழிக்கு இடம் சொன்னேன். அதிலே டெலிஃபோன் கேபிள் அறுந்தது. வேறு வழியில்லாமல் பெரிய தொட்டியையே மூடினார்கள். ஊருக்கே தண்ணீர் நின்றது அதனால்தான்.

இதில் என் தப்பு எங்கே என்று நீங்களே சொல்லுங்கள். ஃபேக்ஸ் கட்டத்தில் ஃபேக்ஸ் இருக்கவேண்டும். இல்லாதது குப்பை. ஒரு கிளார்க், ரெண்டு ஃபிட்டர் தலைக்குள் ஊர்த் தண்ணீரை வைத்திருக்கும் இந்த முறையைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். இந்த இரண்டு நாளே அதற்குச் சாட்சி. காரணமில்லாமல் மூன்று குழி தோண்டியதற்கு ஃபிட்டருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள், இன்று ஐந்து மணிக்குள் பதில். அது நிர்வாக விஷயம், அதையும் இதையும் போட்டுக் குழப்ப வேண்டாம். நாளை தயங்காமல் கையைத் தூக்குங்கள். பச்சையை எடைக்குப் போட ஆள்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கத்தையும் பொறுமை வேண்டும் என்ற விண்ணப்பத்தையும் சேர்த்துச் சொல்லவும். உங்கள் ஆசி என்றும் போல் வேண்டும், நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு. மணி 3.10. மேலே எழுதியதை அனுப்பவில்லை. கிழிக்கவும் மனமில்லை, சேர்த்தே அனுப்புகிறேன். பன்னிரண்டு மணிக்கு நெட்டை ஃபிட்டர் சேறும் காலுமாக வந்து, "நீங்க படிச்சவங்க, மெமோவுக்கு ரெண்டு வரி நல்லா அடிச்சுக் குடுங்க" என்றார். சொல்லச் சொன்னேன். "ஞாபக மறதியால் தவறான இடத்தில் தோண்டிவிட்டேன், மன்னிக்கவும்" என்றார். "ஃபேக்ஸ் கட்டத்தைப் பத்தி ஒண்ணும் வேண்டாமாண்ணே? மூணாவது குழி நான் சொன்னதாச்சே?" என்றேன். "வேணாம் தம்பி. அந்தக் கட்டத்துல கண்டதை எழுதினது எங்க தப்புதானே? தெரிஞ்சா அக்காவுக்கும் மெமோ வரும். உங்களுக்கும் இன்னும் வேலை உறுதியாகல." மாமா, அந்த ரெண்டு வரியை நான் அடிக்கவில்லை. லீவில் இருந்த அக்காவுக்கு ஃபோன் போட்டேன். ஆட்டோ பிடித்து வந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை, மேஜை டிராயரைத் திறந்தார். சனிக்கிழமைதோறும் பச்சையை ஃபிளாப்பித் தட்டில் காப்பி எடுத்து வைப்பாராம். பிளக்கைச் சொருகினோம், நாற்பது விநாடியில் பச்சை எழுந்தது. அக்கா போன சனிக்கிழமைத் தட்டைச் செருகினார். எஃப் செவன். 412ம் வந்தது. சந்தைத் தெரு 21 3 2. ஃபிட்டர் பதினாலு காலடி வைத்தார், திரும்பி ரெண்டு வைத்தார், கடப்பாரையை இறக்கினார். ணங் என்றது. அந்தத் தெரு வால்வை மட்டும் மூடிவிட்டு, தொட்டியைத் திறந்துவிட்டார்கள்.

பச்சையை மாற்றத்தான் வேண்டும், அதில் நான் மாறவில்லை. ஆனால் அந்தத் தட்டுகளைப் படிக்க ஊரில் வேறு இயந்திரம் கிடையாது. நாளை கையைத் தூக்காதீர்கள். நான் இனிச் செய்யப்போவது:

1. நாலு மணிக்குக் கமிஷனர் அறைக்குப் போய், "பிழைகள் களையப்பட்டன" அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஃபிட்டர் பெயரில் இருக்கும் மெமோவை என் பெயருக்கு மாற்றக் கேட்பேன்.
2. எடைக்காரனை வரவேண்டாம் என்பேன்.
3. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பச்சையின் ஒவ்வொரு கட்டத்திலும் நிஜமாக என்ன எழுதுகிறார்கள் என்று கேட்பேன். "மாற்று முகவரி" கட்டத்தில் கடிக்கிற நாய் எந்த வீட்டில் என்று இருக்கிறதாம்.
4. நெட்டை ஃபிட்டரோடு தெருத்தெருவாக நடந்து, எல்லா வால்வையும் டேப் வைத்து அளந்து புதுசில் ஏற்றுவேன். ஒரு நாளைக்குப் பத்து வீதம் நாற்பத்திரண்டு நாள் ஆகும்.
5. அந்த நாற்பத்திரண்டில் பத்தொன்பதாம் நாளே என் ஒப்பந்தம் முடிகிறது. இருபதாம் நாளும் காலை ஆறு மணிக்குத் தெருமுனைக் கம்பத்தடியில் நிற்பேன்.