வாயே திறக்காத கணக்கு வாத்தியார்

பிரம்பு வாத்தியாரை உங்களுக்குத் தெரியும். கலந்துரையாடல் வாத்தியாரைத் தெரியுமா? முன்னவருக்கு ஒன்றுவிட்ட தம்பி; பார்வைக்குச் சாது, பேச்சில் தேன். நமக்கு அகப்பட்டிருப்பவர் வேங்கடசுப்ரமணியன், மாதுங்காவில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்.

அறுபத்து நாலாம் வருஷம் தாதரில் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்வந்தார். கணக்கைச் சொல்லித் தரக் கூடாது, பிள்ளைகளே பேசி, காரணம் சொல்லி, வாதாடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அங்கே கேட்ட உபதேசம். அவருக்கு மெய்யாகவே மயிர்க்கூச்செறிந்தது. மறுநாளே வகுப்பில், "நீங்களே யோசிங்கோ, நான் வாயே திறக்க மாட்டேன்" என்று அறிவித்தார். அதை விளக்க அந்தப் பீரியட் முழுக்கப் பேசினார். பிறகு தினமும் கேள்வி கேட்பார், மூச்சு விடும் நேரம் காத்திருப்பார், பதிலைத் தாமே சொல்லிவிட்டு, "பாத்தேளா, நீங்களே கண்டுபிடிச்சுட்டேள்!" என்று பாராட்டுவார். பிள்ளைகளுக்கும் சௌகரியம். யார் வேண்டாம் என்பார்கள்?

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும்தான் அவருக்குக் கவலை பிடித்தது. தலைமைக் கணக்கு ஆசிரியர் பதவி காலியாக இருந்தது. பதினோரு வருஷமாக அவர் காத்திருந்த பதவி. இன்ஸ்பெக்டர் நாலு நல்ல வார்த்தை எழுதினால் அது அவருக்குத்தான். ஆனால் பேசியே பழகாத வகுப்பு அன்றைக்கு மட்டும் பேசுமா? ஒரே வழி, ஒத்திகை! தொட்டிக் கணக்கை எடுத்துக்கொண்டார். ஒரு குழாய் மூன்று மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில், இரண்டையும் திறந்தால்? தாராவியிலிருந்து வரும் பூமாரி எழுந்து, "ஒன்பது மணி" என்று தப்பாகச் சொல்ல வேண்டும். செம்பூர் அனந்தகிருஷ்ணன் எழுந்து, "நான் மாறுபடுகிறேன், இரண்டு மணி" என்று திருத்த வேண்டும். வகுப்பு ஐந்து விநாடி வியக்க வேண்டும். நான்கு நாள் ஒத்திகை நடந்தது. வியப்புக்கு மட்டும் தனியாக ஒரு நாள்.

இன்ஸ்பெக்டர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வாத்தியார் கேள்வியைக் கேட்டார். பூமாரி எழுந்தாள்.

"ஒம்போதுன்னு சொல்ல மாட்டேன் ஸார். ஒத்தக் கொழாயே மூணு மணில நெரப்பிரும்னா, ரெண்டுஞ் சேந்து அதுக்கு மேல எப்படி ஆவும்? கேட்டா சிரிக்க மாட்டாவளா?"

வேங்கடசுப்ரமணியன் கண்ணால் கெஞ்சினார். அவள் உட்காரவில்லை.

"ரெண்டு மணியுஞ் சரியில்ல ஸார். எங்க சால்ல வரிச வீட்டுக்கெல்லாம் ஒரே லைன்லதான் ரெண்டு கொழாயும். ஒண்ணத் தெறந்தா மத்ததுல நூலாட்டந்தான் வருது. தனித்தனி லைனா, ஒரே லைனா? அதச் சொல்லாம எப்படிக் கணக்குப் போட?"

"எங்க பில்டிங்ல மாடில டாங்க் இருக்கு. அங்க அப்படி இல்லையே!" என்று அனந்தகிருஷ்ணன் தன் வசனத்தை மறந்து துள்ளி எழுந்தான்.

"டாங்க்ல தண்ணி எறங்க எறங்க வேகங் கொறையும்லா?" என்றாள் பூமாரி.

அவ்வளவுதான். செம்பூர்ப் பிள்ளைகள் ஒரு கட்சி, தாராவிப் பிள்ளைகள் ஒரு கட்சி. காட்கோபரில் குடியிருக்கும் இன்ஸ்பெக்டரே, "எங்காத்துக் குழாய்ல காத்துதான் வரது" என்று கரும்பலகைக்கு வந்துவிட்டார். தாம் கேட்ட கேள்விக்கு விடை தமக்கே தெரியாத நிலை வேங்கடசுப்ரமணியனுக்கு அன்றுதான் வாய்த்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் பதினோரு வருஷம் கண்முன் வந்து நின்றதே! மேஜையை ஓங்கித் தட்டினார்.

"சைலன்ஸ்! கலந்துரையாடல் நடக்கறச்சே என்ன பேச்சு?"

இன்ஸ்பெக்டர் எழுதிவைத்துப் போனார்: "இத்தனை உயிருள்ள கணக்கு வகுப்பை நான் கண்டதில்லை. நடுவில் ஒருவர் மட்டும் சத்தம் போட்டுக் கெடுத்தார், அவரைக் கண்டிக்கவும்."

தலைமை ஆசிரியர் வழக்கம்போல முதல் வரியை மட்டும் படித்தார். பதவி கிடைத்துவிட்டது. இப்போது மற்ற ஆசிரியர்களுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்று சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் பேசுகிறார்.

சிரிக்கிறீர்களா? நேற்றுச் சாயங்காலம் முட்டைக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன கறி பண்ணலாம், நீங்களே சொல்லுங்கோ" என்று வீட்டில் எல்லாரையும் கேட்டது யார்? அவர்கள் வெண்டைக்காய் என்று ஒருமனதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீங்கள் கோஸைப் பாதி நறுக்கி முடித்திருந்தீர்களே!