காதுக்கல் மேடமும் எங்கள் ஃப்ரீசரும்

வயது கேட்காமல் மீன் வாங்காத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் வல்லம் வடகாலில் எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்தார்.

கோவளத்துப் படகுக்காரரின் மகள், கடல் ஆராய்ச்சியாளர், எங்களுக்கு மேடம். கணவருக்கு ஒரகடத்தில் வேலை என்பதால் கடலே கண்ணில் படாத ஊரில் வந்து மாட்டிக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்துக் கோவளம் போய், பை நிறைய சங்கரா மீன்களோடு திரும்புவார். எவ்வளவு கூட்டமானாலும் அவருக்குப் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும்.

மற்ற நாட்களில் மொபெட்டில் மீன் விற்க வரும் ஸ்டெல்லாக்கா மாட்டுவார். மேடம் ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு மீனாக அளப்பார்.

“இது கொழந்தக்கா! ஒரு தபாகூட முட்ட போட்டிருக்காது. இதப் போய் விக்கிறியே!”

“இன்னா மேடம், பொண்ணு பாக்க வந்தா மாதிரி வயசு கேட்டுகினு நிக்கிற? வாங்குறியா, நான் கெளம்பட்டா?”

கோவளத்திலிருந்து வரும் மீனில் தலை மேடத்துக்கு, உடம்பு மாடியில் இருந்த எங்களுக்கு. ஐந்து பேச்சிலர்களும் கடல் பாதுகாப்பை மனமார ஆதரித்தோம்.

மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒன்று இருக்கிறதாம். அதை அறுத்துப் பார்த்தால் மரத்தில் தெரிவது போல வளையங்கள் தெரியுமாம், எண்ணினால் வயது. எந்த மாதத்தில் எந்த வயது மீன் வலையில் விழுகிறது என்று கோவளத்து மீனவர் கூட்டத்தில் காட்டி, குஞ்சு மீன் தப்பிக்க வலைக்கண்ணைப் பெரிதாக்கச் சொல்ல வேண்டும். அதுதான் மேடத்தின் லட்சியம்.

“ஆதாரம் இல்லாம போனா, உனக்கு இன்னா தெரியும்னு எங்க நைனாவே கேப்பாரு தம்பி.”

ஒருநாள் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனது. மூன்று மாதத் தலைகளும் எங்கள் ஃப்ரீசருக்குக் குடிவந்தன. கவருக்கு ஒரு தலை, கூடவே தேதி எழுதிய சீட்டு.

இங்கேதான் தனசேகர் வருகிறான். எங்கள் அறைவாசி, குவாலிட்டி செக்‌ஷன். கம்பெனியில் ‘ஃபைவ் எஸ்’ என்று ஒரு ஒழுங்கு உண்டு. வேண்டாததற்குச் சிவப்பு டேக் ஒட்டித் தூக்கி எறி, வேண்டியதை அடுக்கு, முன்னும் பின்னும் போட்டோ எடு. பாவி, அதை ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் செய்வான். அந்த ஞாயிறு நாங்கள் நால்வரும் ஓ.டி. முடிந்து வந்தபோது ஃப்ரீசர் பளபளத்தது. தலைகள் பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று டப்பாவில். சீட்டெல்லாம் குப்பை வண்டியில் போய்விட்டது.

பெருமை தாங்காமல் மேடத்தையே கூட்டி வந்து காட்டினான். “ஆடிட் வந்தாகூட ஃபுல் மார்க் மேடம்!”

மேடம் தண்ணீர் கேன் மேல் உட்கார்ந்துவிட்டார். “தலை கீது. எப்ப புடிச்சதுன்றது போச்சே தம்பி.” அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

தனசேகர்தான் திடீரென்று துள்ளினான். “பிஃபோர் போட்டோ கீது மேடம்! கவர் கவரா எடுத்தேன்!”

அவனை அடிப்பதா, கட்டிப்பிடிப்பதா? போனில் பெரிதாக்கிப் பார்த்தால் சீட்டுத் தேதியும் தெரிந்தது, தலையும் தெரிந்தது. ஆறு பேரும் தரையில் உட்கார்ந்து, பிய்ந்த உதடு, வலை கிழித்த காயம் என்று அடையாளம் பார்த்து ஜோடி சேர்த்தோம். ஐஸ் உருகுமுன் முடிக்க வேண்டுமே என்று கம்பெனி லைன் வேகத்தில் வேலை நடந்தது. சில தலைகள் சிக்கவேயில்லை. நான் ஒன்றுக்குக் குத்துமதிப்பாகத் தேதி சொன்னேன்.

“தெரியாதத தெரியாதுன்னுதான் எழுதணும்” என்று ஸ்கேலால் என் கையில் தட்டினார் மேடம்.

கூட்டம் நடந்தது. ஊர் திரும்பியதும் மேடம் மாடிக்கு ஓடி வந்தார். “நைனா மொத வரிசைல குந்திகினு முழுசா கேட்டாரு. அப்பால அவரு வூட்டுக்குப் போய் பாத்தா, வலைக்கண்ணுல வெரல விட்டு அளந்துகினு கீறாரு!” சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அடுத்த வருஷம் கணவருக்கு மாற்றலாகி, மேடம் கோவளத்துக்கே போய்விட்டார். எங்கள் ஃப்ரீசர் காலியாகவே கிடக்கிறது. ஐஸ் டிரே வைக்கக்கூட தனசேகர் விடுவதில்லை. போன ஞாயிறு நான் ஒரு சிவப்பு டேக்கை எடுத்து அதில் ஒட்டப் போனேன்.

“டேய், எடுடா அத” என்றான். “மேடம் தலையோட வந்து நின்னா, எங்க வெப்பாங்க?”