சாமி அறையில் முளைத்த புற்று

தன் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்காமலே பெருமை பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். லுணுகலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பொறுப்பை நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டேன்.

ஒரே சுவரில் ஒட்டிய வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்தில் வாக்கப்பட்டு, லயத்திலேயே பிள்ளை பெற்றவள் நான். பக்கத்துக் காம்பராவில் மிளகாய் வறுத்தால் எங்கள் காம்பராவில் தும்முவோம். அப்படிப்பட்டவளுக்கு வயதான காலத்தில் ஒரு தனி வீடு கிடைத்தது. முன்வாசல், பின்வாசல், போதாததற்குச் சாமிக்கென்று ஓர் அறை! எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் வீட்டை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை (என்று நினைத்திருந்தேன்).

முதல் வேலையாக, தேயிலை கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய மிலாறு விறகையெல்லாம் சாமி அறையின் வெளிச்சுவரோடு ஒட்டிக் கூரை வரைக்கும் அடுக்கினேன். போகிற வருகிற சனம் நின்று பார்க்கும் அழகு. டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா சாமான் இறக்க வந்தபோது அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"அக்கா, செவரோட வெறகு அடுக்காதீங்க. இங்க சூடும் இருக்கு, ஈரமும் இருக்கு. கறையானுக்கு நீங்களே ஏணி வச்சுக் குடுக்குறீங்க."

"கடையில மருந்து விக்கலன்னா அத நேரா சொல்லுங்க நானா," என்றேன். மனிதர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சில மாதம் போனது. ஒருநாள் சாமி அறை மூலையில், சிமெந்துத் தரை வெடித்த இடத்தில், கைப்பிடியளவு செம்மண் எழும்பியிருந்தது. குனிந்து பார்த்தவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. புற்று! வீட்டுக்குள் புற்று வந்தால் மாரியாத்தாளே வந்ததாகக் கும்பிடுகிற சனம் நாங்கள். கோயிலை விட்டு, பெரிய துரை பங்களாவை விட்டு, ஆத்தா என் வீட்டைத் தேடி வந்திருக்கிறாள்.

"இந்தா புள்ள, இது கறையான்," என்றார் எங்கள் வீட்டுக்காரர். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர். எதையும் முகர்ந்து பார்க்காமல் நம்பமாட்டார்.

"கன்னத்துல போட்டுக்குங்க! ஆத்தாளப் போயி பூச்சிங்கிறீங்களே!"

அன்றிலிருந்து காலையில் பால், மாலையில் மஞ்சள் தண்ணீர், வெள்ளிக்கிழமை முட்டை. வெயில் நாட்களில் ஆத்தாளுக்குத் தாகம் எடுக்குமே என்று ஒரு செம்பு அதிகம். புற்று முழங்கால் உயரம் வளர்ந்தது. சுவரிலும் கதவு நிலையிலும் விரல் தடிமனில் மண்கோடுகள் ஏறின. (ஆத்தாளின் சடை என்று அவற்றுக்கும் பொட்டு வைத்தேன்.) லயத்துப் பெண்கள் தேங்காய் பழத்தோடு வந்து கும்பிட்டார்கள். நான் விபூதி கொடுத்த தோரணையைப் பார்த்திருந்தால் பூசாரியே வேலையை விட்டிருப்பார்.

இந்தச் சமயத்தில்தான் என் கடைசி மகள் கௌசல்யாவுக்கு ஹல்துமுல்லையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனும் அவளும் பண்டாரவளையில் ஒரே துணிக்கடையில் வேலை செய்து, ஒருவரையொருவர் விரும்பியவர்கள். பையனின் அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றுவிட்டார்.

"அம்மா, அன்னைக்கி மட்டும் பெரும பேசாதம்மா," என்று கௌசல்யா அழாத குறை.

நான் ஏன் பேசுகிறேன்? பேசாமல் காட்டிவிடலாமே. சம்பந்தியம்மாவுக்கு வைத்துக்கொடுக்க வாங்கிய மதுரைச் சுங்குடிச் சேலையை மரப்பெட்டியில் வைத்து, பெட்டியைப் புற்றோடு ஒட்டித் தள்ளிவைத்தேன். ஆத்தாளின் காவலில் இருக்கட்டும்.

வந்தார்கள். சம்பந்தியம்மாவைக் கையோடு சாமி அறைக்கு அழைத்துப் போனேன். அவர் புற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி புற்றைப் பார்த்தார். மலைத்துப்போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்து சேலையைத் தூக்கினேன். மேல்மடிப்பு மட்டும் என் கையோடு வந்தது. மிச்சம் பெட்டிக்குள் மண்ணாய்க் கிடந்தது. அதில் வெள்ளை வெள்ளையாய் என்னவோ ஓடியது.

"என்ன மதினி, இது சேலையா, சல்லடையா?" என்றார் சம்பந்தியம்மா.

கௌசல்யாவின் கண்ணில் நீர் முட்டியது. மகளின் கல்யாணம் அந்தச் சல்லடை வழியாக ஒழுகிப் போவதைப் பார்த்தேன். எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தேன்.

"அடியேய்! சேல எனக்கு வேணும்னு நாந்தான்டி எடுத்துக்கிட்டேன்!"

சம்பந்தியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தக் கல்யாணம் நடக்கணும்டி!" என்று கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினேன்.

நிலைக்குள் மரமே இல்லை. பெயின்ட்டும் நான் வைத்த பொட்டும்தான் அதுவரை அதை நிறுத்தியிருந்தன. ரஸ்க்கு மாதிரி நொறுங்கியது. மறுகணம் நான் தரையில்; என் மேல் கதவு; கதவின் மேல் செம்மண்.

எங்கள் வீட்டுக்காரர் நிதானமாகக் கைகூப்பினார். "ஆத்தா, சேலைய எடுத்துக்கிட்ட. நெலைய எடுத்துக்கிட்ட. கூரைய மட்டும் விட்டுட்டுப் போ தாயி."

"வாய மூடிக்கிட்டு மொதல்ல கதவத் தூக்குங்கய்யா!"

கதவுக்கு அடியிலிருந்து வந்த அந்தக் குரல் எந்த ஆத்தாளுடையதும் இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பிறகு சம்பந்தியம்மா சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"எங்க வீட்டுலயும் ஒன்னு வளருது மதினி. நானும் முட்ட வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். போன மாசம் சமையக்கட்டு நெல சாஞ்சிருச்சு. அதான் ஒங்கள அங்க கூப்பிடவே வெக்கமாப் போச்சு!"

கல்யாணம் அங்கேயே பேசி முடிந்தது.

அடுத்த வாரம் நானா வந்து, புற்றைத் தோண்டி மண்ணுக்குள் மருந்து ஊற்றி, வெடிப்பை அடைத்தார். (ஒரு கைப்பிடி மண்ணை மன்னிப்புக் கேட்டு மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் போட்டுவிட்டேன். அதை நானாவிடம் சொல்லவில்லை.) இப்போது விறகு வீட்டுக்குத் தூரமாய்க் கல்லின் மேல் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு நிலையையும் விரலால் தட்டிப் பார்க்கிறேன். சுவரில் மண்கோடு கண்டால் பொட்டு இல்லை, விளக்குமாறுதான்.

ஆனால் எங்கள் இரண்டு வீட்டிலும் எந்தச் சாமான் காணாமல் போனாலும் நிம்மதியாகத் தேடமுடியாது. போன தீபாவளிக்கு முறுக்கு டின் காலியாகக் கிடந்தது. யார் தின்றது என்று சத்தம் போட்டேன். மருமகன் இல்லாத கூந்தலை அவிழ்த்து, தலையைச் சுழற்றினார்.

"நாந்தான்டி எடுத்துக்கிட்டேன்!"

"கதவப் புடிச்சுறாதடா!" என்று உள்ளேயிருந்து அலறினார் சம்பந்தியம்மா.

சிரிக்கட்டும். அன்றைக்கு என் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அந்தக் கதவுதான் தாங்கவில்லை.