பினாங்குக்குப் பாதி யோசனை

பெண்டாட்டியிடம் "நீ வர வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் துளசிங்கத்துக்கு இல்லை. அது அவருக்கே தெரியும். ஆகவே, "நான் வரலைங்க" என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவது என்று தீர்மானம் செய்தார். திருத்தணி மலை இடம் பெயர்ந்தாலும் பெயரட்டும், இந்தத் தீர்மானம் பெயராது என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். மெதுவாகத்தான் சொன்னார். கோமளவல்லி அடுப்படியில் இருந்தாள்.

விஷயம் இதுதான். மலையடிவாரத்தில் துளசிங்கத்துக்கு ஒரு லுங்கிக் கடை. அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அவர் கடையில் லுங்கி போனது போல வேறெந்தக் கடையிலும் போகவில்லை. சரக்கு அனுப்பும் மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் பூரித்துப்போய்ப் பரிசு கொடுத்தார்கள். இரண்டு பேர் கப்பலில் பினாங்குத் தீவுக்குப் போகலாம், கடற்கரை ஓட்டலில் ஒரு வாரம் தங்கலாம், திரும்பி வரலாம். எல்லாம் இலவசம்.

விற்ற லுங்கியில் முக்கால்வாசி மத்தியானத்தில் விற்றது. மத்தியானத்தில் துளசிங்கம் தூங்குவார். கடையில் கோமளவல்லி உட்காருவாள். இந்தச் சின்ன விவரத்தைக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவர் கண்ணுக்குள் ஓடியது வேறு காட்சி. கடலோரம். சாய்வு நாற்காலி. கையில் இளநீர். பக்கத்து நாற்காலியில் சிநேகிதன் எலியாஸ். நடுவில் சீட்டுக்கட்டு. "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க" என்று சொல்ல ஆளில்லாத ஒரு முழு வாரம்! நினைக்கும்போதே துளசிங்கத்துக்குக் கண் கலங்கியது.

எலியாஸ் பக்கத்து வீடு. கப்பலில் சமையல்காரராக இருந்து, பினாங்கைத் தண்ணீர் பட்ட பாடாக அறிந்தவர். இப்போது பஸ் ஸ்டாண்டு அருகே மெஸ் வைத்திருந்தார். அவர் மனைவி லோயிஸ் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான்.

"துளசி, உன் பொண்டாட்டிய வுட்டுட்டு என்ன இட்டுகினு போவியா? நடக்கிற கதையா பேசு" என்றார் எலியாஸ்.

"நீ அங்க இன்னா இன்னா கஷ்டம்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

எலியாஸ் நல்ல மனுஷர். கேட்டால் முழுசாகச் சொல்லிவிடுவார். "கப்பல் ஆடும்பா. குடலே வாய்க்கு வந்துரும். ஆனா, வயித்த காலியா போடாம, நடுக் கப்பல்ல உக்காந்து, ஒரு துண்டு இஞ்சிய வாயில அடக்கிகினு, தூரத்துல வானமும் கடலும் சேர்ற எடத்தையே பாத்துகினு இருந்தா ஒண்ணும் ஆவாது."

துளசிங்கம் இதில் 'ஆனா' வரைக்கும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"கோமளா, கப்பல் ஆடுமாம். குடலே வாய்க்கு வந்துருமாம்."

"ஆங்? அப்பிடியாங்க?" கோமளவல்லி கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கவலை.

விழுந்தது முதல் அடி என்று துளசிங்கம் நிறைவோடு சாப்பிட்டார். மறுநாள் காலையில் கோமளவல்லி கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"ஏங்க, எனக்குத் தாங்குமா தாங்காதான்னு இங்கயே பாத்துர்லாங்க. பள்ளிப்பட்டு பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்து போயிட்டு வர்லாம். அத தாங்கினா கப்பல தாங்கலாம்."

இவள் தானாகவே வலையில் வந்து விழுகிறாளே என்று துளசிங்கத்துக்கு ஒரே குஷி. கிளம்பினார்கள். அந்த ரோட்டில் பள்ளங்களுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் ரோடும் இருந்தது. கடைசி சீட்டு ஆட்களைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடித்தது. ஆர்.கே.பேட்டை வருவதற்குள் துளசிங்கத்தின் முகம் வாழையிலைப் பச்சை ஆனது. அதற்குமேல் நடந்ததைக் கண்டக்டர் பெரிய மனசோடு மன்னித்தார். கோமளவல்லி ஒரு கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்டு, தூரத்து மலையையே பார்த்தபடி சிவனே என்று வந்தாள்.

"வாயில இன்னா?" என்றார் துளசிங்கம், ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்து.

"சும்மா இஞ்சிங்க. உங்களுக்கு வேணுமா?"

துளசிங்கம் அசருகிற ஆள் இல்லை. வாய் கொப்பளித்த கையோடு எலியாசிடம் போனார். அடுத்த பாதி யோசனையோடு திரும்பி வந்தார்.

"கோமளா, அங்க வெயிலு தோல உரிச்சிருமாம். மணலு கால் வைக்க முடியாம சுடுமாம்."

"காலையில வெள்ளன, சாயந்திரம் வெயில் தாழ, ரெண்டு வேள எறங்கினா போச்சி. மத்தியானத்துக்குக் கொட, செருப்பு. முழுக்கை ரவிக்க தச்சிக்கிறேன். நிறைய தண்ணி குடிக்கணும்."

"தென்ன மரத்தடியில உக்காந்தா தலையில தேங்கா வுழும்!"

"தள்ளி உக்காந்துக்கிறேன்."

"கடல்ல சொறிமீன் கீது. பட்டா உடம்பெல்லாம் எரியும்."

"தேய்க்காம வெளிய வந்து, கடல் தண்ணியிலயே அலசணுமாங்க."

துளசிங்கத்துக்குச் சந்தேகம் தட்டியது. "இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊர்ல நாலு பேரு பேசிக்கிறாங்க" என்றாள். ஊரில் பினாங்கைப் பற்றிப் பேசக்கூடியவர் எலியாஸ் ஒருவர்தான் என்பது துளசிங்கத்துக்கு அப்போது உறைக்கவில்லை. இன்னதைக் கேட்டான் துளசிங்கம், இன்னதைச் சொன்னேன் என்று எலியாஸ் சாப்பிடும்போது மனைவியிடம் ஒப்பிப்பதும், காலையில் அது கிணற்றைத் தாண்டிப் போவதும் அவருக்குத் தெரியாது.

"அங்க அலை ஜாஸ்தி கோமளா!"

"இங்க மட்டும் நான் அலையாமயா கீறேன்? கடைக்கும் வூட்டுக்கும் நாள் முழுக்க அலையறேன். அந்த அலைல நின்னாவது பாக்கறேனே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நெசமாத்தாங்க. கல்யாணம் ஆனதுல இருந்து பள்ளிப்பட்டத் தாண்டி நான் எங்க போயிருக்கேன்? அங்கயும் ஒரு மலை மேல முருகன் கீறாராம். தண்ணீர்மலைன்னு பேராம். கடலையும் பாத்துட்டு அவரையும் பாத்துட்டு வந்துரணும்" என்றாள்.

துளசிங்கத்துக்கு ஒரு நிமிஷம் மனசு இளகியது. உடனே சாய்வு நாற்காலியை நினைத்துக் கெட்டிப்படுத்திக்கொண்டார். மிச்சம் இருந்த ஒரே அஸ்திரத்தை எடுத்தார். இது எலியாஸ் சொன்னதில்லை. சொந்தச் சரக்கு.

"எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் யோசி. அங்க பொம்பளைங்க குளிக்கிற எடம் தனி. ஆம்பளைங்க கிட்டயே போவக் கூடாது. கப்பல்லயும் அப்பிடித்தான். மொழி தெரியாத ஊர்ல, அத்தன பெரிய கடல் முன்னாடி, நீ ஒண்டியா நிக்கணும். நான் கூட வந்தும் ஒரு பிரயோஜனமும் இல்ல. பொம்பளைக்குப் பொம்பளைதான் தொண!"

கோமளவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். வெகுநேரம் யோசித்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். குடம் நிறையத்தான் இருந்தது. அதைத் துளசிங்கம் கவனிக்கவில்லை. மெஸ்ஸுக்கு ஓடி, "முடிஞ்சிச்சுப்பா! பேச்சே நின்னுபோச்சு! நீ பொட்டியக் கட்டு!" என்று எலியாசைக் கட்டிக்கொண்டார். எலியாஸ் அன்றே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராசிலிருந்து கம்பெனி மேனேஜர் சுந்தரமூர்த்தி வந்தார். பாஸ்போர்ட் வேலையைத் தொடங்க வேண்டும், போகிற இரண்டு பேரின் பெயர் தெரிய வேண்டும். வெளியூர்க் கார் வந்தால் தெருவே கூடிவிடும். எதிர்வீட்டுக் கெங்கம்மாள் உட்பட வாசல் நிறையப் பெண்கள். எலியாஸ் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார். கூடவே லோயிசும் வந்தாள்.

துளசிங்கம் தொண்டையைச் செருமினார். "நம்ம ஊட்ல ஒரு சங்கடம் சார். இவளுக்குக் கடல்னா பயம். இல்ல கோமளா?"

"ஆமாங்க" என்றாள் கோமளவல்லி.

துளசிங்கத்தின் மார்பு ஓர் அங்குலம் விரிந்தது.

"பயமாத்தான் சார் இருந்திச்சி" என்று அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "அந்தப் பயத்தப் போக்கினதே இவருதான். நெதம் பக்கத்துல உக்கார வெச்சி, கப்பல் இப்பிடி ஆடும், வெயிலு இப்பிடிக் காயும்னு சொல்லிச் சொல்லி என்னத் தயார் பண்ணாரு. எனக்காகப் பள்ளிப்பட்டு பஸ்ஸுல கடைசி சீட்டுல வந்து, தன் ஒடம்பையும் கெடுத்துகினாரு. கடைசியா ஒண்ணு சொன்னாரு பாருங்க. 'பொம்பளைக்குப் பொம்பளைதான் தொண, நான் வந்து பிரயோஜனம் இல்ல'ன்னு தன் எடத்தையே லோயிசுக்கு வுட்டுக் குடுத்துட்டாரு சார்! எந்தப் புருஷன் செய்வான்?"

வாசலில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. "மகராசன்!" என்றாள் கெங்கம்மாள். அவள் புருஷன் மெல்ல நகர்ந்து தூணுக்குப் பின்னால் போனான்.

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்படியா சொன்னீங்க சார்?"

"சொன்னேன்... அதாவது..."

"அதாவது இன்னாங்க?" என்றாள் கோமளவல்லி, மிகவும் அன்பாக.

அதாவது என்றால், எலியாசைக் கூட்டிப்போகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எதிரில் லோயிஸ் நிற்கிறாள். துளசிங்கம் எலியாசைப் பார்த்தார். எலியாஸ் கூரையைப் பார்த்தார். லோயிஸ் அமைதியாகக் கையை நீட்டி, புருஷன் முகத்திலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அதாவது... பத்திரமா போயிட்டு வரணும்" என்றார் துளசிங்கம்.

மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். தெரு கை தட்டியது. துளசிங்கமும் கொஞ்சம் தட்டினார்.

மெட்ராஸ் துறைமுகத்தில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டது துளசிங்கமும் எலியாசும்தான். மேல்தட்டில் இரண்டு பெண்களும் முழுக்கை ரவிக்கையோடு நின்று கையாட்டினார்கள். கப்பல் ஆடவே இல்லை. தெப்பம் மாதிரி மிதந்து போனது. கரையில் நின்ற துளசிங்கத்துக்குத்தான் தலை சுற்றியது.

போனவள் கறுத்து, பளபளத்து, ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பினாள். அன்று மாலையே தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். கெங்கம்மாளின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவனும் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "எனக்கும் எல்லாத்தையும் சொல்லு கோமளா" என்றாள் கெங்கம்மாள்.

கோமளவல்லி ஒன்றுவிடாமல் சொன்னாள். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைக்கக் கூடாது, துணிப்பை தைத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பருத்திப் புடவைதான் நல்லது, நாலு போதும். அலை உள்ளே இழுத்தால் எதிர்த்து மல்லுக்கு நிற்கக் கூடாது, கரையை ஒட்டியே பக்கவாட்டில் நகர வேண்டும். கொடி நட்டிருக்கிற இடத்தைத் தாண்டி இறங்கவே கூடாது. துளசிங்கம் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொண்டு வந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசித் தம்ளரைக் கெங்கம்மாளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கிக்கொண்டே கேட்டாள். "எனக்கு வேண்டியது புரிஞ்சிச்சி. எங்க ஊட்டுக்காரருக்கு இன்னா இன்னா எடுத்து வெக்கணும்?"

"ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்து வெச்சி, வூட்டுச் சாவிய அவரு கைல குடுத்துட்டுப் போங்கக்கா" என்றாள் கோமளவல்லி.