ஒரு பொட்டலம் போயிலைக்கு ஒரு மலை

வீரணன் புகையிலையை விட்டுவிட்டார். விட்டுவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. சொல்லி முடித்த கையோடு, தன் ஏலக்காய்க் கமிஷன் கடையில் மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய், ஒரு சிட்டிகை எடுத்துக் கடைவாயில் அதக்கிக்கொண்டார்.

எல்லாம் கல்யாண மண்டபத்தில் நடந்த அந்தப் புற்றுநோய் முகாமால் வந்தது. டாக்டர் சுசித்ரா பஞ்சில் சுற்றித் தருவது போலப் பேசினார். "புகையிலை எந்த ரூபத்துல வந்தாலும் வேண்டாங்க. பாக்கும் அப்படித்தான். குடி வேண்டாம். எண்ணெய்ப் பலகாரம் அளவோட இருக்கட்டும். கீரை, காய், பழம் சேத்துக்குங்க. தினம் நடங்க. இதெல்லாம் செஞ்சா நோயே வராதுன்னு சொல்ல மாட்டேன். வர்ற வாய்ப்பு குறையும்."

வீரணனும் எல்லோரையும் போலத் தலையாட்டினார். ஆட்டிய தலையை நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னபோதுதான் வம்பு. இடது கன்னத்தின் உள்பக்கம் சுண்ணாம்பைத் தீற்றியது போல ஒரு வெள்ளை. சோதனைக்கு அனுப்பினார்கள். "இப்போதைக்குப் பயமில்ல. ஆனா இன்னைக்கே நிறுத்தணும்" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை அவர் மனைவி செல்லக்கிளியும் கூட இருந்து கேட்டாள். வீட்டுக்கு வந்து செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"விட்ருவீகளா?"

"விட்டாச்சு."

"எப்ப?"

"நீ கேக்கும்போதே."

அவள் நம்பினாள். அப்படித்தான் அவர் நம்பினார்.

சிக்கல் என்னவென்றால், கடையில் ஒளித்த புகையிலை தீர்ந்துவிட்டது; போடியில் கடைக்குக் கடை செல்லக்கிளிக்கு ஒரு சித்தப்பன் மகன் உண்டு. இங்கே பொட்டலம் வாங்கினால், அது வாய்க்குப் போகும் முன்னே சேதி வீட்டுக்குப் போய்விடும். ராத்திரி பூராவும் யோசித்த வீரணன் காலையில் எழுந்து அறிவித்தார்.

"ஏ கிளி, டாக்டரம்மா நடக்கச் சொல்லிருக்குல்ல. தினம் வண்டியில முந்தல் வரைக்கும் போயி, அங்கன மலைக்காத்துல நடக்கப் போறேன்."

"போடியில காத்து இல்லாமப் போச்சா?"

"இது யாவாரக் காத்து. அது ஆரோக்கியக் காத்து."

மலையடிவார முந்தலில் குருவம்மாளின் பெட்டிக்கடை இருந்தது. வண்டியை நிறுத்துவார். நாலு எட்டு நடப்பார். பொட்டலம், அதக்கல், துப்பல், கொப்பளிப்பு. கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து ரெண்டு ஏலக்காய். ஏலத்துக்கு மாதிரி காட்ட வைத்திருக்கும் காயிலிருந்து உருவியது. எட்டு மில்லி பருமன், முதல் தரம். பச்சைப் பசேலென்று, பிள்ளைத்தாய்ச்சி போலத் திரண்ட காய். அதை மென்றுகொண்டு வீட்டுக்கு வந்து, செல்லக்கிளியின் முகத்துக்கு நேரே ஒரு பெருமூச்சு விடுவார்.

"நல்லா மணக்குதுங்க" என்றாள் அவள்.

தன் மூளையை எண்ணி அவருக்கே மெய்சிலிர்த்தது.

அந்தச் சிலிர்ப்பு ஒரு வாரம்கூட ஓடவில்லை. ஒரு காலை குருவம்மாள் கையை விரித்தாள். "சரக்கு வரலண்ணே. மேல ரெண்டாவது வளைவுல கண்ணுச்சாமி இளநிக்கடை இருக்கு. அங்க கேட்டுப் பாருங்க."

ரெண்டாவது வளைவுக்கு மூச்சு வாங்க ஏறினார். கண்ணுச்சாமி இளநீரைச் சீவிக்கொண்டே, மூக்கால் பேசினார். "இப்பத்தாண்ணே தீந்துச்சு. நாளைக்கு வாங்க. அவசரம்னா புலியூத்துப் பக்கம் ஒரு கடை இருக்கு."

மறுநாள் அங்கே ஏறினார். அந்தக் கடைக்காரர் காது மந்தம் போல மூன்று தரம் கேட்கவைத்துவிட்டு, கடைசியில் விரலை மட்டும் மேலே காட்டினார். மேலே என்றால் இன்னும் மேலே.

நடுவில் நின்றால் போட்ட நடையெல்லாம் வீண் என்று தோன்றியது. வண்டியில் ஏறலாமென்றால், மேலே பார்க்கிறவன் எல்லாம் "அண்ணே, நடக்கப் போறேன்னீகளே" என்று வீட்டில் சொல்லிவிடுவான். ஆக நடந்தார். நாளுக்கு நாள் கடை ஒரு வளைவு மேலே போனது. வீரணன் அதன் பின்னாலே போனார். வாய் சும்மா கிடக்க மறுத்ததால், மறைக்க வைத்திருந்த ஏலக்காயையே மென்றுகொண்டு போனார்.

எஸ்டேட் பெண்களை ஏற்றிக்கொண்டு மொக்கையனின் ஜீப்பு தினமும் அவரைக் கடக்கும். ஒருநாள் பக்கத்தில் வந்து ஊர்ந்தது.

"அண்ணே, ஏறுங்க. மேட்டுல இறக்கிவிடுறேன்."

"நான் ஒடம்புக்கு நடக்கேன்டா."

"ஒடம்புக்கா? மொகத்தப் பாத்தா, காணாமப்போன ஆட்டத் தேடுறாப்புல இருக்கு."

"உன் சோலியப் பாத்துட்டுப் போ."

"போறேன்ண்ணே. ஆடு ஆம்பிட்டா சொல்லுங்க."

ஜீப்பு வளைந்து மறைந்தது. உள்ளே இருந்த பெண்களின் சிரிப்பு அடுத்த வளைவிலும் கேட்டது, அதற்கடுத்த வளைவிலும் கேட்டது.

புகையிலை கிடைக்காத எரிச்சலில் முதலில் சில நாள் வீட்டில் காற்றாடியோடு சண்டை போட்டார். கோயில் ஒலிபெருக்கிச் சத்தத்தோடு சண்டை போட்டார். செல்லக்கிளி எதிர்த்துப் பேசாமல் கீரையும் கேப்பைக் களியுமாக எடுத்து வைத்தாள். மலையேறி வந்த பசியில் அவரும் தட்டைப் பார்க்காமல் தின்றார். சட்டைப் பொத்தான்கள் வயிற்றைவிட்டு விலகி நிம்மதியாக மூச்சுவிட்டன.

கடைசியாக ஒரு கடைதான் பாக்கி. மலை உச்சியில், கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு. அன்று விடியும் முன்னே கிளம்பி, சாலையை விட்டுக் குறுக்குப் பாதையில் ஏறினார். பனி விலகியபோது ஒரு பாறையில் நின்று திரும்பிப் பார்த்தார். கீழே போடி, களத்தில் காயப் பரப்பிய காய் போலக் கிடந்தது. இம்புட்டு உயரத்தையா என் கால் ஏறியது என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை. காலைக் குனிந்து மரியாதையோடு பார்த்துக்கொண்டார்.

மேட்டில் ஒரு மலையாளியின் டீக்கடை. ஓரமாக மொக்கையனின் ஜீப்பு. பெஞ்சில் தூக்குவாளியோடு செல்லக்கிளி.

"வந்துட்டீகளா. நேரமாச்சேன்னு பாத்தேன்."

வீரணன் ஜீப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ எங்க இங்க?"

"போயிலை எங்கயும் கிடைச்சுரக் கூடாதுல்ல. அதான்."

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"மொத நாளே. ஏலக்காய் யாவாரி எவன் ஏலக்காய் திங்கிறான்? வீட்டு டீக்கே வெடிச்ச காய்க்கு மேல நீங்க தந்ததில்ல. உங்க வாயில எட்டு மில்லி மணந்துச்சு. எட்டு மில்லியப் போட்டு மறைக்கணும்னா அது எம்புட்டுப் பெரிய நாத்தமா இருக்கும்னு யோசிச்சேன்."

"கடைக்காரங்க எல்லாம்?"

"இந்த மலையில கடைக்காரங்க வீடு, டீக்கடை பூராவுக்கும் வெடிச்ச காய் யாரு குடுக்கான்னு நினைச்சீக? நீங்க கழிச்சு மூலையில தள்ளுறதத்தான் அள்ளிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். 'எங்க வீட்டு மனுசனுக்குப் போயிலை இல்லேன்னு சொல்லு, மேல போகச் சொல்லு'ன்னேன். சொன்னாக."

வீரணன் பெஞ்சில் உட்கார்ந்தார். மூட்டை மூட்டையாக முதல்தரக் காய் விற்று அவர் நாலு வியாபாரிகளைக் கைக்குள் வைத்திருந்தார். இவள் கழிசல் காயை வைத்து ஒரு மலையையே கைக்குள் வைத்திருக்கிறாள். எதிரே நிற்கும் மலையைப் பார்ப்பதா, பக்கத்தில் இருக்கும் மனைவியைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. மனைவி உயரமாகத் தெரிந்தாள்.

"கடைசியா எப்பப் போட்டீக?"

யோசித்தார். குருவம்மாள் கடையில். ஒரு அமாவாசைக்கு முந்தின நாள். அதற்குப் பிறகு இன்னொரு அமாவாசையும் வந்து போய்விட்டது. தேடித் தேடி நடந்ததில், விட்டதே தெரியாமல் விட்டிருந்தார்.

"வாயத் திறங்க."

"ஏ, ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும். திறங்க."

செல்போன் விளக்கை அடித்து உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "வெள்ளை சுருங்கிருக்கு" என்றாள் மெதுவாக. "டாக்டரம்மாகிட்டக் காட்டணும். அவுக பாத்துச் சொல்லட்டும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, மலைப்பனி என்றாள்.

வீரணனுக்கும் அதே பனி பட்டது. அதை மறைக்க அவசரமாகக் கடைக்காரர் பக்கம் திரும்பினார். அவர் எதிரிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வடைகள் ஆவி பறக்க அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"ஒரு வடை கொண்டாங்க."

கடைக்காரர் வடையைப் பார்த்தார். பிறகு செல்லக்கிளியைப் பார்த்தார்.

"வடை இல்லா சேட்டா. மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில கிட்டும். நடந்து போய்க்கோ."