கண்ணாடிக்குப் பின்னால் நாற்பது வரிகள்

நாற்காலியைப் பார்த்தால் உட்காரத் தோன்றாமல், அது எதைக் குறிக்கிறது என்று யோசிக்கத் தொடங்கும் ஒரு மனித இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய நாடகம் ஒன்று கையில் கிடைத்தால் இவர்கள் அதைப் படிப்பதில்லை. நேராக மறுவாசிப்புக்குப் போய்விடுவார்கள். ஒருமுறைகூட வாசிக்காமல் மறுவாசிப்பு எப்படி? அதையெல்லாம் நாம் கேட்கக் கூடாது.

நம் இயக்குநர் இந்த இனத்தில் முதல் தரம். "இதுல புதுசா ஒரு கோணம் இருக்கு" என்று ஓயாமல் சொல்வதால் நாடகக் குழுவில் அவருக்குக் கோணம் சார் என்றே பெயர். வீட்டில் சுவர்க் கடிகாரம் நின்றுபோனால், உறைந்த காலத்தின் பொருள் என்ன என்று அவர் விளக்கத் தொடங்குவார். "முதல்ல பேட்டரிய மாத்துங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார் மனைவி.

இந்த முறை அவரிடம் சிக்கியது ஒரு பழம்பெரும் அவல நாடகம். முரசு ஒலித்தபின் யாருக்கும் கோட்டைக் கதவைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்ட அரசன். தாமதமாக வந்து, வெளியே எதிரிகளிடம் அகப்பட்டுச் சாகும் அவன் மகன். கடைசியில் கதவருகே நின்று தாய் புலம்பும் நாற்பது வரிகள். அவ்வளவுதான். குழந்தைக்கும் புரியும். அதுதான் கோணம் சாருக்கு உறுத்தியது. கோட்டை அடுக்குமாடிக் குடியிருப்பாயிற்று, அரசன் அதன் சங்கத் தலைவரானான், முரசு கைபேசியின் அதிர்வாயிற்று, இது தற்காலம் என்று யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று எல்லோருக்கும் சாம்பல் நிறச் சட்டை மாட்டப்பட்டது. நாடகம் ஒரு மணி நேரம். அதற்கான விளக்கத் தாள் ஒன்பது பக்கம். தாய் மட்டும்தான் பாக்கி.

தாயாக நடித்தவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். பதினோரு ஆண்டுகளாகக் குழுவில் அவர் தோழி, பணிப்பெண், கூட்டத்தில் மூன்றாவது ஆள். அந்த நாற்பது வரிகளைக் கல்லூரி நாளிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். இப்போதுதான் அதற்கு வேளை வந்தது. ஒத்திகையில் முதல் வரியைத் தொடங்கினார்.

"நிறுத்துங்கம்மா," என்றார் கோணம் சார். "நீங்க பேசப் போறதில்ல."

"பேசாம?"

"கண்ணாடிக்குப் பின்னால நிக்கறீங்க. வாய் அசையுது. சத்தம் வெளிய வரல. இன்னிக்கு மனுஷன் குரல் எங்க கேக்குது, சொல்லுங்க?"

"சார், காலைல எட்டு மணியிலேருந்து கண்ணாடிக்குப் பின்னாலதான் உக்காந்திருக்கேன். சாயங்காலமும் கண்ணாடியா?"

"அடடா! அதுதாம்மா கோணம்!"

"அக்கா அழுதா ஜனங்களும் அழுவாங்க சார்," என்றார் மேடைத் தச்சர், வாயில் ஆணிகளோடு.

"அழறது சுலபம்யா. யோசிக்கணும்!"

தச்சர் பழைய சாமான் கடையில் தேடி ஒரு கண்ணாடித் தடுப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏதோ ஒரு கவுண்டரில் இருந்தது. இடுப்பு உயரத்தில், கைவிட்டு வாங்க அரைவட்டமாக ஒரு திறப்பு. அதை அடைக்கச் சொன்னார் கோணம் சார். தச்சர் பிளாஸ்டிக் தகடு வைத்து டேப் ஒட்டினார். பிறகு தாயிடம் மெல்லச் சொன்னார்: "டேப்போட ஒரு முனைய மடிச்சு விட்டிருக்கேன் அக்கா. உங்க பக்கம்."

அரங்கேற்றத்தன்று கோணம் சார் திரையோரம் நின்று, பார்வையாளர்களின் நெற்றிச் சுருக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தார். வெளிச்சம் கண்ணாடி மேல் விழுந்தது. தாயின் வாய் அசைந்தது.

"சவுண்டு வரல!" என்றது கடைசி வரிசை.

அப்போதுதான் சர்ரென்று டேப் கிழிந்தது. நாள் முழுக்க டிக்கெட் கேட்டுத் தன் முன் ஊரே குனிவதைப் பார்த்துப் பழகிய பெண், தானே குனிந்து, அந்த அரைவட்டத்தில் வாயை வைத்து, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்.

கோணம் சாருக்கு ரத்தம் தலைக்கேறியது. விளக்கை அணைக்கச் சொல்லக் கையைத் தூக்கினார். பத்தாவது வரிக்குள் தூக்கிய கை எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. "சட்டத்துக்கும் ஒரு மகன் இருந்திருந்தால், இன்று அது கதவைத் திறந்திருக்கும்" என்ற வரி வந்தபோது, வழக்கம்போல அதன் பொருளைத் தேடிப் பார்த்தார். ஒரு கோணமும் அகப்படவில்லை. ஒன்பது பக்க விளக்கத் தாளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு நாடகத்தைப் பார்த்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இத்தோடு திருந்தியிருப்பார் என்கிறீர்களா?

நாடகம் முடிந்து கலந்துரையாடல். ஈரம் காயாத கண்களோடு ஒருவர் எழுந்து கேட்டார்: "அந்த ஓட்டை எதைக் குறிக்குது சார்?"

கோணம் சார் ஒரு கணம் மேடையோரம் நின்ற தாயைப் பார்த்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அங்கிருந்து திரும்பிப் போய்விட்டது.

"ஆறு மாசம் யோசிச்சு வெச்ச ஓட்டைங்க அது," என்று ஆரம்பித்தார்.

"டேப் ஒட்டினது நானு," என்று முணுமுணுத்தார் தச்சர்.

"விடுங்க தம்பி," என்றார் தாய். "நாப்பதும் பேசிட்டேன்ல?"

கோணம் சாரைப் பார்த்து நீங்கள் சிரித்ததில் தவறில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இவ்வளவு நேரமும் அந்தக் கண்ணாடி எதைக் குறிக்கிறது என்று நீங்கள் யோசிக்கவே இல்லையா? அது பழைய கவுண்டர் கண்ணாடி. அவ்வளவுதான். நம்ப முடியவில்லை, இல்லையா? சட்டை அளவைச் சொல்லிவிட்டுப் போங்கள். சாம்பல் நிறத்தில் ஒன்று எடுத்து வைக்கிறோம்.