வால்ரஸ் குட்டிக்கு அடித்த நிறுவை விசில்

வெளிநாட்டில் வேலை செய்கிறவன் லீவில் ஊருக்கு வந்தால் முதல் மூன்று நாள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். நாலாம் நாள் இறக்கி வைத்துவிட்டு, "ஆமா, நீ அங்க என்னாதான் வேல செய்ற?" என்று கேட்பார்கள். டிரைவர், கடைச் சிப்பந்தி என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிந்தவன் தப்பித்தான். நான் தப்பிக்கவில்லை. நான் வால்ரஸ் வளர்க்கிறவன்.

மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் ஒரு பாலைவன நாட்டுக் கடலுயிர்க் காட்சியகத்தில் வால்ரஸுக்கு மீன் போடப் போன கதையைக் கேட்காதீர்கள். (சரி, கேளுங்கள்.) நான் போனது தரை கழுவுகிற வேலைக்கு. அங்கே வெளியில் வெயில் மண்டையைப் பிளக்கும். வால்ரஸ் இருக்கிற கூடத்துக்குள் பனிக்கட்டி மிதக்கும். என்னோடு வந்தவர்கள் கொஞ்ச நேரத்திலேயே பல் கிட்டி வெளியே ஓடிவிட்டார்கள். மார்கழி மாதத்தில் மலையிலிருந்து கொட்டுகிற பீலித் தண்ணீரில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன் நான். அரைக்கைச் சட்டையோடு நின்று தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இவனை இங்கேயே போட்டுவிடுங்கள்" என்றார் மேலாளர். என் உத்தியோக உயர்வு அப்படித்தான் நடந்தது. ஊரில் இதையே நான் கொஞ்சம் மாலை போட்டு, பொட்டு வைத்துச் சொன்னேன்.

வால்ரஸ் என்றால் என்ன என்று அம்மாவுக்குப் புரிய வைக்கவே இரண்டு நாள் பிடித்தது. அம்மா அதை லயத்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

"யானை மாதிரி ஒன்னாம். ஆனா தும்பிக்கை கெடையாதாம். காலும் கெடையாதாம். ரெண்டு தந்தமும் மீசையுந்தானாம்."

"அப்ப அதுல யானை எங்கடி இருக்கு?" என்று கேட்டது செல்லம்மா அத்தை. அப்பாவின் தங்கை. அம்மாவும் அத்தையும் ஒரே மலையில்தான் கொழுந்து பறிக்கிறார்கள். அத்தையின் தொண்டைக்கு மைக் தேவையில்லை. மாதா கோயில் திருவிழாவில் அத்தை பாட்டை எடுத்தால் பாடகர் குழு பாட்டை விட்டுவிடும்.

நீனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காட்சியகங்களில் வால்ரஸ் குட்டி போடுவது லேசில் நடக்காத காரியம். எங்கள் ஆண் வால்ரஸ் குளிர்காலம் முழுக்கத் தண்ணீருக்குள் மணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், கதவு தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நடுவில் சீழ்க்கை என்று கச்சேரியே வைப்பான். பெண் வால்ரஸ் ஓல்கா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குவாள். வருடக்கணக்கில் இப்படியே போனது. கடைசியில் ஒரு குளிர்காலத்தில் அவளுக்கு என்ன தோன்றியதோ, திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலே சுமந்து பெற்றதுதான் நீனா. பிறக்கும்போதே கிட்டத்தட்ட என் எடை. ஆனால் தலைப்பிரசவம் பார்த்த ஓல்காவுக்குக் குட்டியைப் பக்கத்தில் சேர்க்கத் தெரியவில்லை. பால் குடிக்க வந்த குட்டியைத் தள்ளித் தள்ளி விட்டாள். அதனால் மீனை அரைத்து, எண்ணெயும் பால்மாவும் கலந்து, போத்தலில் ஊட்டுகிற பொறுப்பு எங்களுக்கு வந்தது. பெரும்பாலும் எனக்கு.

ஊட்டுவதற்கு முன்னால் விசில் அடிக்க வேண்டும். விசில் கேட்டால் சாப்பாடு என்று குட்டி பழக வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். என் வாய் யோசிக்கவே இல்லை. ஒரு நீட்டு, இரண்டு குட்டை, மறுபடியும் ஒரு நீட்டு. தோட்டத்தில் எங்கள் பகுதியான டிவிஷனில், வேலை வாங்குகிற கங்காணி நிறுவைக்கு அடிக்கிற விசில் அது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் அந்த விசில் மலையில் கேட்டால் போதும், பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டு மூட்டையோடு மேல் ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோய், அதற்காகக் காத்து நின்று வளர்ந்த காது என்னுடையது. சாப்பாடு என்றால் என் மண்டைக்குள் அந்த விசில்தான்.

இனி விபத்துக்கு வருவோம்.

லீவில் வந்த நாலாம் நாள் காலை, அரைகுறையாக எடுத்த சிக்னலில் ஒரு செய்தி வந்து விழுந்தது. என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரன் ஜூன் அனுப்பியிருந்தான்: "நீனா நீ போனதிலிருந்தே சரியாகக் குடிக்கவில்லை. நேற்றிலிருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை. உடனே கூப்பிடு."

எனக்குப் பயமாகிவிட்டது. அது நிஜம். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு அற்பச் சந்தோஷமும் இருந்தது. என்னைத் தேடித்தானே அது பட்டினி கிடக்கிறது! எங்கள் தோட்டத்தில் ஒழுங்காகச் சிக்னல் எடுக்கிற ஒரே இடம் மேல் ரோட்டோரத்துப் பாறை. வெளிநாட்டு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கூலிங் கிளாஸையும் போட்டுக்கொண்டு (பனிமூட்டத்தில் கை தெரியவில்லை, கூலிங் கிளாஸ்!) பாறைக்கு ஓடினேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "நான் இல்லாம அங்க சாப்பாடு எறங்கலயாம்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

வீடியோ கோலில் நீனா தெரிந்தாள். புதிதாகக் கட்டிய தனி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மீசை தொங்கியிருந்தது. பின்னால் மிருக வைத்தியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்றைக்கும் குடிக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்கிறார்" என்றான் ஜூன். "உன் விசிலைப் பெரிய ஸ்பீக்கரில் போடுகிறேன். அடி."

கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதினேன். ஒரு நீட்டு, இரண்டு குட்டை, ஒரு நீட்டு.

நீனா அசையவில்லை.

மறுபடியும் ஊதினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாம் தடவை நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் கூட்டி ஊதினேன். மலைக்கு மலை எதிரொலித்தது. குட்டி திரும்பிப் பார்க்கவில்லை. டிவிஷன் திரும்பிப் பார்த்துவிட்டது.

முதலில் செடிகள் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கொழுந்து மூட்டை ஏறி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. மலையில் நின்ற அத்தனை பெண்களும் மூச்சு வாங்க மேல் ரோட்டில் வந்து நின்றார்கள். தராசைக் காணோம். கங்காணியைக் காணோம். கூலிங் கிளாஸோடு நான் மட்டும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கங்காணி எங்கடா?" என்றது அத்தை.

"கங்காணி இல்ல அத்த. நான்தான் விசில் அடிச்சேன்."

"நீயா? நிறுவையா போடப் போற?"

"இல்ல அத்த. குட்டிக்கு."

"எந்தக் குட்டிக்குடா?" என்று கேட்ட குரலில் நாலு பேர் தலையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டார்கள்.

அதற்குள் கீழேயிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம். கண்டாக்கையா. மலை முழுக்க வேலையை மேற்பார்வை பார்க்கிறவர். அவருக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே நிஜக் கங்காணி ஓடி வந்தார்.

"எவன்டா விசில் அடிச்சது? நேரத்துக்கு முன்னுக்கு எவன்டா மலையக் கலைச்சது?"

அத்தனை விரல்களும் என்னைக் காட்டின. அதன் பிறகு ஆரம்பித்ததுதான் திட்டு. கண்டாக்கையா ஒரு பக்கம். பறித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் பள்ளத்திலிருந்து மூட்டையோடு ஏறி வந்தவர்கள் ஒரு பக்கம். "வெளங்காதவனே", "கொள்ளையில போறவனே", "இந்தக் கண்ணாடிய ஒடச்சி அடுப்புல போட" என்று ஆளுக்கொன்று. அம்மாதான் எல்லோரையும்விட அதிகமாகத் திட்டினாள். பிள்ளைக்குப் பரிந்து பேசினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

"ஐயோ, கத்தாதீங்க! ஸ்பீக்கர்ல கேக்குது, குட்டி பயந்துரும்!" என்று கெஞ்சினேன்.

போனுக்குள்ளே ஜூன் அலறினான். "நிறுத்தாதே! நிறுத்தச் சொல்லாதே! இங்கே பார்!"

பார்த்தேன். நீனா தலையைத் தூக்கியிருந்தாள். மீசை முழுக்க விறைத்து முன்னால் வந்திருந்தது. வயிற்றால் தவழ்ந்து ஸ்பீக்கரிடம் போய், அதன் மேல் தாடையை வைத்துப் படுத்தாள். ஜூன் போத்தலை வாயருகே கொண்டுபோனான். கப்பென்று கவ்வினாள்.

"குடிக்கிறா! குடிக்கிறா!" என்று நான் கத்தினேன்.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு போனை எட்டிப் பார்த்தார்கள். உடனே நீனா போத்தலை விட்டுவிட்டாள்.

"என்னாவாம்?" என்றாள் அம்மா.

"திட்டுறத நிப்பாட்ட வேணாமாம். தொடர்ந்து திட்டச் சொல்றாங்க."

யாரும் திட்டவில்லை. இவ்வளவு நேரம் என் பரம்பரையையே இழுத்துக் காய வைத்தவர்களுக்கு, திட்டு என்று கேட்டதும் வெட்கம் வந்துவிட்டது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். கண்டாக்கையா தொண்டையைச் செருமிக்கொண்டு மலையைப் பார்க்கிறார். அங்கே நீனாவின் தலை மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது.

"அத்த, ஒங்க கால்ல விழுறேன். திட்டுங்க" என்றேன்.

அத்தை தலைமூட்டையை இறக்கியது. செடி கிழிக்காமல் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்கை இழுத்து முடிச்சுப் போட்டது. போனை ஒரு தடவை முறைத்துப் பார்த்தது.

"அடேய் எட்வினு!" என்று எடுத்த எடுப்பிலேயே பக்கத்து மலையில் நாய் குரைத்தது. "நீ யோக்கியனாடா? பீலிக்கரையில வழுக்கி விழுந்து, யாரோ தள்ளிவுட்டாங்கன்னு ஊரக் கூட்டுனவன்தானடா நீ! கணக்குல கோட்ட விட்டுட்டு, பேப்பரு மாறிப் போச்சின்னு சாதிச்சவன்தானடா! பூசையில தூங்கி பாதர் மேலயே சாஞ்சவன் இன்னைக்கி கறுப்புக் கண்ணாடியா போடுற?"

வெட்கம் போய்விட்டது. அத்தை விட்ட இடத்தில் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கே மறந்துபோன குற்றங்களெல்லாம் வெளியே வந்தன. கண்டாக்கையாவும் தன் பங்குக்கு, நான் சின்ன வயதில் பங்களாத் தோட்டத்தில் பியர்ஸ் காய் திருடியதைச் சேர்த்தார். நீனா கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பீக்கரை ஒரு துடுப்பால் அணைத்தபடி, போத்தல் முழுவதையும் குடித்து முடித்தாள். ஜூன் அழுதான். நானும் அழுதேன். நான் அழுதது திட்டு தாங்காமல் என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறது.

"இவ்ளோ பெரிய குட்டியா?" என்று கண்டாக்கையா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சரி சரி, கொழுந்த நிறுத்துட்டுப் போங்க." பிறகு என்னைப் பார்த்தார். "இவங்களுக்குக் கொறஞ்ச கொழுந்த நீ எறங்கிப் பறி."

பறித்தேன். ஜாக்கெட்டோடு பொழுது சாயும்வரை பறித்தேன். நான் பறித்ததில் பாதி முற்றல் இலை, மீதி குச்சி. கங்காணி அதை ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டு ரோட்டோரமாகக் கொட்டினார்.

அன்று மாலை வைத்தியர் கூப்பிட்டு விளக்கம் சொன்னார். வால்ரஸ்கள் பனிமேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, இடித்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டே வாழ்கிற பிராணிகள். நான் லீவில் கிளம்பிய அன்றுதான் நீனாவை அந்தத் தனி அறைக்கு மாற்றினார்களாம். அங்கே இருந்த அமைதி அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்படியென்றால் என்னைத் தேடவில்லையா?" என்றேன்.

"உங்களையா?" என்றார் வைத்தியர். கூடவே போனையும் வைத்துவிட்டார்.

அன்றைய கூச்சலை ஜூன் பதிவு செய்து வைத்திருந்தான். லீவு முடிந்து நான் திரும்பிப் போனபோது, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். "எவன்டா விசில் அடிச்சது?" என்று கண்டாக்கையா உறுமினால் நீனா வாயைத் திறப்பாள். போத்தலோடு நிற்கிற என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். ஜூனுக்கு அத்தையின் திட்டு முழுக்கப் பாடம். ஒரு நாள், "வெளங்காதவனே என்றால் என்ன?" என்று கேட்டான். நன்றாகச் சாப்பிடு என்று அர்த்தம் என்றேன். அன்றிலிருந்து கேன்டீனில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அன்பாக அதைச் சொல்கிறான்.

ஊரிலும் விடவில்லை. எங்கள் வீட்டில் யாராவது சாப்பிட அடம்பிடித்தால், "எட்வினத் திட்டுனாத்தான் எறங்குமோ?" என்று கேட்டுவிட்டு நிஜமாகவே என்னைத் திட்டுகிறார்கள்.

நீனா இப்போது பெரியவள். போன மாதம் அவளுக்கே குட்டி பிறந்தது. ஓல்காவைப் போல் தள்ளவில்லை. தானே அணைத்துப் பால் கொடுத்தாள். நான் சந்தோஷத்தில் ஊருக்குப் போன் போட்டு, தாயும் பிள்ளையும் சுகம், கூடத்தில் உங்கள் பழைய திட்டைத்தான் போட்டுவிட்டிருக்கிறோம் என்றேன்.

"பழசா?" என்றது அத்தை. "தலப்புள்ள பெத்தவளுக்குப் பழசையா போடுவீங்க? போன ஒசத்திப் பிடிடா, வெளங்காதவனே. புதுசாவே திட்டுறேன்."